மணநாளின் நிழல்

ஒரு நிக்காஹ் நிறைவேற எவ்வளவு நேரம் தேவை? குத்பா ஓத வேண்டும், வலீ தம் பொறுப்பிலுள்ள பெண்ணை மணமுடித்துக் கொடுத்ததாகச் சொல்ல வேண்டும், மணமகன் இன்ன மஹருக்கு ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், சாட்சிகள் இருவர் அதனைச் செவியால் கேட்டிருக்க வேண்டும், பின்னர் துஆ. கால் மணி நேரம் போதும். ஹஜ்ரத் அவர்கள் இல்லற நெறிகளை விரித்துரைக்கத் தொடங்கினால் அரை மணி நேரம். மார்க்கம் இத்துணை எளிமையாக ஆக்கித் தந்த அக்காரியத்தைச் சுற்றி, அதே நாளில், படம் பிடிப்பதற்கென்று நாம் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர் உண்டா? காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணி வரை மணமக்கள் நிற்கிறார்கள், திரும்புகிறார்கள், புன்னகைக்கிறார்கள், மறுபடியும் புன்னகைக்கிறார்கள். உண்ண அமர்ந்தவர்களை எழுப்பி நிற்க வைப்பதும் உண்டு. துஆவுக்கு ஏந்திய கைகளைச் சற்று உயர்த்திக் காட்டுமாறு கேட்கும் குரலும் இப்போது மஹல்லாப் பள்ளிகளிலேயே கேட்கிறது.

இதைச் சொல்வதால் நாம் புகைப்படத்திற்குப் பகைவர் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். பகைமை பாராட்டுவதற்கு இதனை எழுதவில்லை. எனினும் ஒரு கேள்வி சில காலமாகவே நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அது, படம் எடுப்பது ஆகுமா ஆகாதா என்னும் பழைய கேள்வியன்று. அக்கேள்வியின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் பாராமல் நம் கேள்விக்கு வருதல் முறையாகாது.

உயிருள்ளவற்றின் உருவங்களை ஆக்குவோரைப் பற்றி ஹதீஸ் நூல்களில் கடுமையான எச்சரிக்கைகள் இருப்பதை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. 1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒளியைக் கொண்டு உருவத்தைத் தகட்டில் பதிக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, இந்த எச்சரிக்கைகள் அதற்கும் பொருந்துமா என்ற ஆய்வு உலமாப் பெருமக்களிடையே எழுந்தது இயல்பே. எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935இல் மறைந்த ஷைக் முஹம்மது பகீத் அல் முத்தீயீ அவர்கள், இது ஆகும் என்று தீர்ப்புரைத்துத் தனி நூலே எழுதினார்கள். அவர்களுடைய வாதத்தின் சாரம் இதுதான்: சிற்பியும் ஓவியனும் இல்லாத உருவை ஆக்குகிறார்கள், புகைப்படக்காரனோ எதையும் ஆக்குவதில்லை, அல்லாஹ் படைத்த உருவத்தின் நிழலை விழவிடாது தடுத்து நிறுத்தி வைக்கிறான், அவ்வளவே. தேவ்பந்த் மரபில் வந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்களோ (மறைவு 1976) இவ்வாதத்தை ஏற்கவில்லை. கருவி மாறியதால் செயலின் தன்மை மாறிவிடாது என்பது அவர்கள் கொள்கை. அவர்களும் இப்பொருள் குறித்துத் தனி நூல் எழுதியிருக்கிறார்கள். கடவுச்சீட்டு இன்றி ஹஜ்ஜுக்கே செல்ல முடியாது, படமின்றிக் கடவுச்சீட்டு இல்லை என்ற நிலை வந்தபின், தடை சொன்னவர்களும் இன்றியமையாத் தேவைக்கு வழி விட்டார்கள்.

இங்கே தமிழர்களாகிய நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. புகைப்படம் என்ற சொல் வழங்கும் நம் மொழியில் நிழற்படம் என்ற சொல்லும் வழங்குகிறது. கெய்ரோவில் அமர்ந்து முஃப்தி அவர்கள் நீண்ட வாதத்தால் நிறுவ முனைந்ததைத் தமிழ் ஒரே சொல்லில் சொல்லி வைத்திருக்கிறது! இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கேமரா என்ற சொல் அரபு மொழியிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் பெருமை பேசுவோர் உண்டு. அது சரியன்று, அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. ஆனால் இருட்டறைக்குள் ஒரு சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ச்சுவரில் என்ன செய்கிறது என்பதை, விளக்குகளை வரிசையாக வைத்து முறைப்படி ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்து ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம் என்பது மெய். மெய்யான பெருமை கையில் இருக்கும்போது பொய்ப் பெருமையை நாடுவானேன்?

ஆக, ஆகும் என்போரும் ஆகாது என்போரும் நம்மிடையே உள்ளனர். ஒவ்வொரு குடும்பமும் தான் நம்பும் ஆலிம்களின் வழி நடக்கிறது, நடக்கட்டும். நம் கேள்வி அதற்கு அப்பால் தொடங்குகிறது. ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த நிழல் யாருடையது? அதைத் தடுத்து நிறுத்தி வைப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

ஒரு காலத்தில் மணநாளுக்கும் படத்திற்கும் தொடர்பே இருந்ததில்லை. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்குத் திருமணம் நடந்தது 1840இல். அந்நாளின் புகைப்படம் கிடையாது. அவரும் கணவர் ஆல்பர்ட்டும் அரசவை உடையில் இணைந்து நின்று 1854இல் எடுத்துக்கொண்ட படங்கள் உள்ளன. அவற்றைத் திருமணப் படமென்றே கருதி மயங்குவோர் இன்றும் பலர். பதினான்கு ஆண்டுகள் இல்லறம் நடத்திப் பல பிள்ளைகளைப் பெற்ற பின் எடுத்த படம் அது!

நம் ஊர்களிலும் இதே கதைதான். மணமாகிச் சில நாள் கழித்து, சில வேளைகளில் சில மாதங்கள் கழித்து, மாப்பிள்ளை மலேயாவுக்கோ சிங்கப்பூருக்கோ கப்பலேறும் முன், கடைத்தெருவிலுள்ள ஸ்டூடியோவுக்குச் சென்று, மலையும் அருவியும் தீட்டிய திரைக்கு முன் நின்று எடுத்துக்கொண்ட படமே பல வீடுகளில் கல்யாணப் படம் எனப் பெயர் பெற்றிருக்கிறது. ஒருவர் அமர்ந்திருப்பார், ஒருவர் நின்றிருப்பார். இருவர் முகத்திலும் சிரிப்பு இராது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்தப் பெண் அந்த ஸ்டூடியோவுக்குத் தானே நடந்து சென்றாள். படம் எடுக்கப்படப்போவதை அறிந்து சென்றாள். கருவிக்கு முன் நின்று, அசையாமல், ஒரு கணம் தன்னைத் தந்தாள். வெளிவந்த படம் ஒன்றோ இரண்டோ. ஒன்று உம்மா வீட்டுக்கு, மற்றொன்று கப்பலில் கணவனோடு.

கேமரா கல்யாண வீட்டுக்கே வரத் தொடங்கியது பின்னர். அப்போதும் எண்ணிக்கை என்னும் கடிவாளம் இருந்தது. 120 என்று வழங்கிய அகலச் சுருளில் சதுரப் படங்கள் 12 எடுக்கலாம்; 35 மில்லிமீட்டர் சுருளில் 36. மூன்று அகலச் சுருள்களோடு வந்தவர் 36 முறைதான் விசையை அழுத்த முடியும். ஆகவே அவர் கேட்டுக் கேட்டு எடுத்தார். மணமகன் மாலையோடு அமர்ந்திருக்கும் படம், பெரியவர்கள் சூழ்ந்த படம், வலீமா விருந்துப் பந்தியின் படம். பெண்கள் பகுதிக்குள் அவர் அடியெடுத்து வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இல்லை. கருகமணி கட்டுவதையும் சர்க்கரை ஊட்டுவதையும் கண்டவர்கள் அங்கிருந்த பெண்கள் மட்டுமே. அந்தக் காட்சிகள் வாய்மொழியாகவே மகள்களுக்கும் பேத்திகளுக்கும் சென்றன; செல்லும்போது சிறிது கூடியும் குறைந்தும் சென்றன என்பது வேறு.

அந்நாளிலும் குறை இல்லாமல் இல்லை. நெகடிவ் எனும் மூலச்சுருள் ஸ்டூடியோக்காரரிடமே தங்கிவிடும். நன்றாக அமைந்த படமொன்றைப் பெரிதாக்கிக் கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வெயிலில் நிறம் மங்கும் வரை ஒரு வீட்டுப் பெண் கடைத்தெருவில் நின்றுகொண்டே இருப்பாள்! எத்தனையோ வாப்பாக்கள் அந்தக் கண்ணாடிக்கு முன் நின்று வாதாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டி ஒரு தெருவில் இருந்தது. இன்றைய கண்ணாடிப் பெட்டிக்குத் தெரு இல்லை, ஊர் இல்லை, நாடும் இல்லை.

இனி, சாட்சி என்ற சொல்லுக்கு வருவோம்.

திருமணத்தை மறைவாகச் செய்யாமல் பலரறியச் செய்ய வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் உறுதியான வழிகாட்டல். ஷாஃபியீ, ஹனஃபீ மத்ஹபுகள் ஒப்பந்தம் நிகழும் அவையிலேயே சாட்சிகள் இருந்தாக வேண்டும் என்கின்றன. மாலிக்கீ மத்ஹபு பலரறிய அறிவிப்பதற்கு மிகுந்த அழுத்தம் தருகிறது. வழி சற்று வேறாயினும் நோக்கம் ஒன்றே. ஒரு பெண் இன்னாரின் மனைவி ஆனாள், அவளுக்கு இன்ன உரிமைகள் உண்டு, அவள் பெறும் பிள்ளைகள் இன்ன வழியினர் என்பதை ஊர் அறிந்திருக்க வேண்டும். அறிந்திருப்பது மட்டுமன்று, நாளை ஒரு வழக்கு எழுந்தால் எழுந்து நின்று சொல்லவும் வேண்டும்.

கேமரா சாட்சியாகுமா? ஆகும் என்று சில அரசுகள் சொல்கின்றன. கணவனோடு சேர்ந்து வாழ அயல்நாடு செல்ல விண்ணப்பிக்கும் மனைவியிடம் மண உறவுக்கு ஆதாரமாகத் திருமணப் படங்களையும் பெற்றுக்கொள்ளும் குடிவரவு அலுவலகங்கள் இன்று உண்டு. அலுவலர் அறியாத ஊரில், அறியாத மொழியில் நடந்த காரியத்திற்கு அவரிடம் வேறென்ன காட்டுவது? அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே அலுவலகங்கள் படத்தை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். படத்தை அமைத்துக் காட்டலாம் என்பதை அவர்களும் அறிவார்கள். கையொப்பமிட்டு முடித்த மணமகனிடம் பேனாவை மறுபடியும் கொடுத்து, ஏட்டின் மீது வெறுமனே வைத்துப் பிடிக்கச் சொல்லி எடுக்கும் படம் நம் எல்லோர் வீட்டு ஆல்பத்திலும் இருக்கிறதல்லவா? அந்தப் படத்தில் எழுதப்படுவது ஒன்றுமில்லை.

சாட்சி என்பவன் யார் என்பதை இலங்கையின் வடபுலத்து முஸ்லிம்களிடம் கேட்க வேண்டும். 1990ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் அவர்கள் அனைவரும் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவர்க்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர், வீட்டையும் வணிகத்தையும் நகைகளையும் இழந்து, பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் வந்து அகதிகளாகச் சேர்ந்தனர். பூட்டிய அலமாரிகளுக்குள் கல்யாண ஆல்பங்கள் நின்றுபோயின. பின்னாளில் சென்று பார்த்தவர்களுக்குப் பல இடங்களில் வீட்டின் சுவரே இல்லை. ஆனால் புத்தளத்துக் கூடாரங்களில் எவருடைய திருமணமும் திருமணம் அல்லாமல் போய்விடவில்லை. பந்தியில் அமர்ந்து உண்டவர் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தார். மணப்பெண்ணுக்கு மருதோன்றி இட்டவள் தண்ணீர் வரிசையில் அடுத்து நின்றாள். இழந்த படங்களுக்காக அவர்கள் வருந்தவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வருந்தியிருப்பார்கள், இறந்துபோன தாய் தகப்பனின் முகம் அவற்றில்தானே இருந்தது! ஆயினும் படம் போன இடத்தில் மனிதர்கள் நின்றார்கள். மனிதர்கள் போன இடத்தில் படம் அவ்வாறு நிற்குமா?

சாட்சியாக வந்தவனுக்குப் பொறுப்பு உண்டு. மண்டபத்தில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்பவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவன் ஈஜாபையும் கபூலையும் கேட்டானா என்றுகூடத் தெரியவில்லை. ஒளி சரியாக விழுகிறதா என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது நம்மை உறுத்தும் இடத்திற்கு வந்துவிட்டோம். மணமகள்.

பெண்ணின் இசைவின்றித் திருமணம் செய்து வைத்தல் கூடாது என்பது அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தெளிவான வழிகாட்டல். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணி, தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்து வைத்த மணத்தைப் பற்றி முறையிட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அம்மணத்தை ரத்துச் செய்த வரலாறு புகாரீயில் உள்ளது. கன்னிப் பெண் வெட்கத்தால் வாய் திறவாமல் இருப்பாளே என்று கேட்கப்பட்டபோது, அவளுடைய மௌனமே அவளுடைய சம்மதம் என்று விளக்கம் தரப்பட்டதும் நாம் அறிந்ததே. ஷாஃபியீ மத்ஹபில் தந்தைக்குரிய தனி அதிகாரத்தைச் சுட்டிக்காட்டும் அன்பர்கள் இருப்பார்கள். அங்கும் மகளைக் கேட்டுச் செய்வதே விரும்பத்தக்கது என்றுதான் சட்ட நூல்கள் சொல்கின்றன.

மௌனம் சம்மதம் என்ற விதியை நம்மவர் மறப்பதே இல்லை. அதன் முதற்பாதியைத்தான் மறந்துவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டும்; கேட்டபின் வரும் மௌனத்திற்கே சம்மதம் என்று பெயர். கேட்காத இடத்தில் உள்ள மௌனத்திற்கு அந்தப் பெயர் இல்லை. அது வெறும் மௌனம்.

நிக்காஹுக்கு இசைவு கேட்கப் பெண்ணிருக்கும் அறைக்குச் செல்கிறோம். சாட்சிகளோடு செல்லும் ஊர்களும் உண்டு. மூத்த பெண்கள் கேட்டு வந்து சொல்லும் ஊர்களும் உண்டு. அப்படிக் கேட்டு வந்த சற்று நேரத்திற்கெல்லாம், அதே அறைக்குள் கேமராக்கள் நுழைகின்றன. அப்போது யார் கேட்டார்கள்? அவள் முகத்தை இத்தனை முறை எடுக்கலாமா, இன்னார் எடுக்கலாமா, எடுத்ததை இன்னாருக்குக் காட்டலாமா என்று கேட்டவர் எவர்? படம் எடுப்பதென்று தீர்மானித்தவர் மாமாவாக இருப்பார். பணம் தந்தவர் வெளிநாட்டிலிருக்கும் அண்ணனாக இருப்பார். ஆளை அமர்த்தியவர் மாப்பிள்ளையின் தோழராக இருப்பார். அவளோ தலை குனிந்து இருக்கிறாள். தலை நிமிரச் சொல்லும் குரலுக்கு நிமிர்கிறாள். ஒரு நாளில் ஆயிரம் முறை. அதையும் சம்மதம் என்றே எழுதிக்கொள்கிறோம்.

இதில் நம் காலத்தின் விந்தையொன்றைச் சொல்லாமல் செல்ல முடியவில்லை. 1951ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இலங்கையின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், திருமணப் பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக வேண்டவில்லை. வலீயின் கையொப்பமே போதுமானதாயிருந்தது. இதைத் திருத்த வேண்டுமென்று அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். தமிழகத்து ஜமாஅத்துகள் பலவற்றில் மணமகளும் ஏட்டில் ஒப்பமிடுகிறாள், நல்லது. ஆனால் இரு கரைகளிலும் பொதுவாக ஒன்றைக் காண்கிறோம். அவள் கையை ஒருமுறை கேட்கத் தயங்கிய சமுதாயம், அவள் முகத்தை ஆயிரம் முறை எடுத்துக்கொள்ளத் தயங்கவில்லை.

நாட்டுச் சட்டமாவது அவளைக் கேட்கிறதா? இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே ஆவார். படம் எடுத்தவர் தம் தொழில் விளம்பரத்திற்கு அதை வெளியிட வேண்டுமாயின் அவரிடம் இசைவு பெற வேண்டும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்வது நலம். ஒப்பந்தத் தாளில் சிறு எழுத்தில் உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. ஒப்பமிடும் முன் படித்துப் பார்க்க வேண்டும். ஆயினும் சட்டத்தின் சொல்லைக் கூர்ந்து நோக்குங்கள்: எடுக்கச் சொன்னவர்! படத்தில் இருப்பவர் அல்லர். எடுக்கச் சொன்னவர் நம் திருமணங்களில் யார் என்பதை மேலே சொன்னோம்.

பெரியவர்களில் சிலர் நம் பேச்சைக் கேட்டு மகிழ்ந்து, ஆகவே படமே வேண்டாம் என்று முடிவு கட்டக்கூடும். அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. கேட்பது என்றால் இரு பக்கத்து விடைக்கும் இடம் தருவதே கேட்பது. அவள் வேண்டும் என்று சொல்லலாம். தோழியரோடு நின்று, மருதோன்றிக் கைகளோடு, சிரித்த முகத்தோடு ஒரு படம் வேண்டும் என்று பல நாள் ஆசைப்பட்டிருக்கலாம். அந்த ஆசையை மேடைக்கு வரும் வரை தெரிந்துகொள்ளாமல், அன்று காலையில் திடீரென்று மார்க்கம் நினைவுக்கு வந்தவர்களாய்த் தடுத்துவிடுவதும் கேளாமை அல்லவா? மாப்பிள்ளை வீட்டு மேடையில் மூன்று கேமராக்கள், பெண்ணின் தோழிகளுக்கு மட்டும் தடை என்ற நிலையையும் பார்க்கிறோம். பெண்கள் பகுதியில் படமெடுக்கப் பெண்களே வந்து, எடுத்ததைப் பெண்ணிடமே ஒப்படைத்துச் செல்லும் வழக்கம் இப்போது நம் ஊர்களுக்கும் வந்திருக்கிறது. அது சிலருக்குக் கண்ணியமான பிழைப்பாகவும் இருக்கிறது. அவளுக்கு இசைவானால் அதில் குறைகாண ஏதுமில்லை.

படத்தின் அருமையை அறியாதவர்கள் போலப் பேசுவதும் நமக்கு ஆகாது. ஒரு வீட்டில் மூத்தவர் மறைந்துவிட்டால் அவர் முகத்தைத் தேடிப் பிள்ளைகள் எங்கே செல்கிறார்கள்? யாரோ ஒரு மச்சானின் கல்யாண ஆல்பத்திற்கு. மூன்றாம் வரிசையில், முன் நிற்பவரின் தொப்பிக்குப் பின்னால், பாதி முகம் தெரிகிறது. அதை வெட்டிப் பெரிதாக்கி, மங்கலாக இருந்தாலும் இவர்தான் வாப்பா என்று பேரனுக்குக் காட்டுகிறார்கள். அந்தப் பாதி முகத்தின் மதிப்பை எந்தத் தராசில் நிறுப்பது? அவர் அதற்காக நிற்கவில்லை. தற்செயலாக நின்றார். இக்காரியத்தில் நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வங்களில் பல இப்படித் தற்செயலாக வந்தவைதாம்.

தற்செயலுக்கு இன்று இடம் குறைந்து வருவதுதான் கவலை. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மனிதனை அழிப்பவற்றைப் பேசும் பகுதியில் ரியா எனப்படும் முகஸ்துதிக்கு நீண்ட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிறர் காண வேண்டுமென்பதற்காகவே செய்யப்படும் நல்ல செயல் உள்ளீடற்றுப் போவதை அவர்கள் நுணுகி ஆராய்கிறார்கள். படம் எடுத்துக்கொள்வதெல்லாம் ரியா என்று நாம் கூறவில்லை. உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் தாயின் கையைப் பற்றி மகள் அழுவதை, ஒளி சரியில்லை என்று மறுபடியும் அழச் சொல்லி எடுக்கும்போது அந்தக் கண்ணீருக்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியவில்லை. வலீமாவில் ஏழைக்கு உணவு பரிமாறும் கை ஒரு கணம் அப்படியே நிற்குமாறு பணிக்கப்படும்போது, பசித்தவன் தட்டையும் கேமராவையும் மாறி மாறிப் பார்க்கிறான். அவனையும் எவரும் கேட்கவில்லை.

செய்யத்தக்கது கடினமானதன்று. இரு வீட்டாரும் அமர்ந்து மஹரைப் பேசும் நாளிலேயே இதையும் பேசலாம். நிக்காஹில் நிபந்தனைகள் பேசிக்கொள்வது நம் சட்ட நூல்களுக்குப் புதிதன்று. பெண்ணிடம் அவள் உம்மாவோ மூத்த சகோதரியோ தனியே கேட்டு வரட்டும்: படம் வேண்டுமா? யார் எடுக்க? எவருக்குத் தர? விருந்தினர்களின் கைப்பேசிகளைப் பெண்கள் பகுதியின் வாசலில் வாங்கி வைத்து, பெயர் எழுதிய உறையில் போட்டுத் திருப்பித் தரும் ஏற்பாட்டைச் சில குடும்பங்கள் செய்கின்றன. முதலில் முகம் சுளித்தவர்களும் பின்னர் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மாப்பிள்ளையையும் கேட்க வேண்டும். அவரும் கூச்சமுள்ள மனிதராக இருக்கலாம். அவரைப் பற்றி இவ்வளவே சொல்கிறோம், அவரைக் கேட்பவர்கள் எப்படியும் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று பேசப்பட வேண்டும். மணநாளில் பேச யாருக்கும் மனம் வராது. மணமுறிவு நேர்ந்த வீடுகளைப் பற்றியது அது. தலாக்கோ குலாவோ ஆனபின், பெண் வீட்டுப் பெரியவர்களும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும் ஜமாஅத்தில் அமர்கிறார்கள். மஹர் பாக்கி, நகைகள், கட்டில், அலமாரி, செம்புப் பாத்திரங்கள், தையல் இயந்திரம் என்று பட்டியல் எழுதித் திருப்பித் தருகிறார்கள். ஒரு குத்துவிளக்கு குறைந்தாலும் அதற்கு ஒரு மாலை முழுதும் வாதம் நடக்கிறது. ஆல்பமும், கைப்பேசிகளிலும் கணினிகளிலும் கிடக்கும் அவளுடைய ஆயிரம் முகங்களும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. அவள் வேறொரு வீட்டில் மறுவாழ்வு தொடங்கியிருப்பாள். இங்கே அவை இருக்கும், எவரும் திறந்து பார்க்கலாம். அவற்றுக்கென ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எந்த ஜமாஅத்துக்கும் தடையொன்றும் இல்லை. எழுதும் ஏடு அவர்கள் கையில்தான் இருக்கிறது.